பிக்கப் வண்டி: புதுசா, பழசா?

"எங்களுக்கு 4 ஏக்கர் கிணற்றுப் பாசனம். தக்காளியும் முருங்கையும் முக்கிய வெள்ளாமை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட் 22 கிலோமீட்டர். போன வருடம் சுமார் 70 நடை வாடகை வண்டியில் ஏற்றி 62,000 ரூபாய் கொடுத்திருக்கிறோம். சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கலாம் என்று பேச்சு. மகன் 8 லட்சத்துக்குப் புது வண்டி என்கிறான். வீட்டுக்காரர் பக்கத்து ஊரில் மூன்றரை லட்சத்துக்கு வரும் 2018 மாடல் பழைய வண்டியே போதும் என்கிறார். முன்பணத்துக்கு என் நகையை வைக்க வேண்டும். குடும்பத்தோடு கோயில், விசேஷம் போகவும் ஆகுமே என்று இருவரும் சொல்கிறார்கள். எது சரி?"
- வாசகி, ஒட்டன்சத்திரம் வட்டாரம்.

இந்தக் கேள்வியில் இருக்கும் மிக முக்கியமான எண் 8 லட்சமும் அல்ல, மூன்றரை லட்சமும் அல்ல. 62,000தான். ஒரு வருடத்துக்கு இந்தக் குடும்பம் கொடுக்கும் மொத்த வாடகை அவ்வளவுதான். வண்டி வாங்கினால் மிச்சமாகப் போவதும் அவ்வளவுதான். அதற்கு எதிரே என்னென்ன செலவு வந்து நிற்கும் என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

புது வண்டி 8 லட்சம், கையிலிருந்து 2 லட்சம், கடன் 6 லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். 10 சதவிகித வட்டி, அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் முறை, 5 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 12,750 ரூபாய். வருடத்துக்கு 1,53,000. பழைய வண்டிக்குக் கையிலிருந்து 1 லட்சம், கடன் இரண்டரை லட்சம். பழைய வண்டிக் கடனுக்கு வட்டி கூடுதலாகத்தான் இருக்கும். 16 சதவிகிதம், 3 வருடம் என்றால் மாதம் சுமார் 8,790. வருடத்துக்கு ஏறக்குறைய 1,05,500.

இதோடு முடிவதில்லை. சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். மொத்த எடை 7,500 கிலோ வரை உள்ள சரக்கு வண்டிகளுக்கு 2022-ல் நிர்ணயித்த பிரீமியம் 16,049 ரூபாய், வரி தனி. வண்டி சின்னது என்பதற்காக இதில் சலுகை கிடையாது. ஒரு டன் ஏற்றும் வண்டிக்கும் மூன்று டன் ஏற்றும் வண்டிக்கும் ஒரே தொகைதான். வாங்குகிறவர்களில் பலர் முதல் வருடம் ஷோரூம்காரர் சேர்த்துக் கட்டிவிடுவதால் இதைக் கவனிப்பதே இல்லை. இரண்டாம் வருடம்தான் அதிர்ச்சி வரும்.

பழைய வண்டிக்குக் காப்பீடு 20,000, ரிப்பேர் 40,000, எப்.சி., வரி, டயர் தேய்மானத்துக்கு 15,000 என்று ஒதுக்கினால் வருடத்துக்கு 75,000. புது வண்டிக்கு முழுக் காப்பீடு எடுத்தாக வேண்டும், கடன் கொடுத்தவர் விடமாட்டார். அதற்கு 35,000, சர்வீஸுக்கு 12,000, மற்றவைக்கு 5,000. ஆக 52,000. சொந்த லோடு 70 நடைக்கு டீசல் இரண்டுக்கும் சுமார் 20,000. கூட்டிப் பார்த்தால் பழைய வண்டிக்கு வருடம் சுமார் 2 லட்சம், புது வண்டிக்கு 2,25,000. மிச்சமாவது 62,000. மகன் ஓட்டுவதற்கான கூலி இந்தக் கணக்கில் சேர்க்கப்படவே இல்லை.

ஆகவே, சொந்த லோடை மட்டும் நம்பி இந்தக் குடும்பம் புதுசும் வாங்கக் கூடாது, பழசும் வாங்கக் கூடாது. மீதிப் பணம் வெளி வாடகையிலிருந்து வர வேண்டும். டீசல் போக நடைக்கு 700 ரூபாய் நிற்கும் என்று வைத்தால், பழைய வண்டிக்கு வருடத்துக்குச் சுமார் 200 வாடகை நடை தேவை. புது வண்டிக்குச் சுமார் 233. வாரத்துக்கு நான்கு, நாலரை நடை. ஊரில் ஏற்கெனவே இரண்டு பிக்கப்கள் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தால் இது கிடைக்காது. அக்கம்பக்கத்தில் நான்கைந்து தோட்டக்காரர்கள், 'உன் வண்டியிலேயே ஏற்றுகிறோம்' என்று வாயால் சொல்வதும் போதாது. ஒரு தக்காளிப் பட்டம் முழுவதும் மகன் ஒரு வாடகை வண்டியைப் பேசி வைத்து, அந்தத் தோட்டங்களின் லோடையும் சேர்த்து எடுத்துப் பார்க்கட்டும். உண்மையில் எத்தனை நடை வருகிறது என்பது மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். அந்த மூன்று மாதத்தில் நஷ்டம் எதுவும் இல்லை; வண்டி எங்கும் ஓடிவிடாது.

வாடகை லோடு கிடைக்கும் என்று உறுதியான பிறகுதான் புதுசா பழசா என்ற கேள்வியே வருகிறது.

ஐந்து வருடத்துக்கு மொத்தமாகக் கூட்டினால் என்ன ஆகும்? டீசலை விட்டுவிடலாம், இரண்டுக்கும் பொது. புது வண்டிக்கு முன்பணம், தவணை, வருடச் செலவு எல்லாம் சேர்த்து 12,25,000 போகும். ஐந்தாம் வருட முடிவில் பாதி விலைக்கு விற்றால் 4 லட்சம் திரும்பும். நிகரச் செலவு 8,25,000. பழைய வண்டிக்கு அதே ஐந்து வருடத்தில் 7,91,000 போகும். கடைசியில் ஒன்றரை லட்சத்துக்கு விற்றால் நிகரச் செலவு 6,41,000. வித்தியாசம் சுமார் 1,84,000. விலையில் நாலரை லட்சம் வித்தியாசம் தெரிந்தது. கணக்கு முடியும்போது அதில் பாதிகூட இல்லை. இடையில் ஒரு முறை இன்ஜினை இறக்கி ரீபோர் செய்து, கூடவே கியர்பாக்ஸ் வேலையும் வந்துவிட்டால் அதிலும் பெரும்பகுதி கரைந்துவிடும். பழைய வண்டி மலிவு என்பது பாதி உண்மைதான். வீட்டுக்காரர் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் இந்தக் குடும்பத்துக்குப் பழைய வண்டியே ஏற்றது. காரணம், மொத்தச் செலவு அல்ல. அது எப்போது வருகிறது என்பது. தவணை மாதாமாதம் தேதி தவறாமல் வரும். தக்காளி விலை அப்படி வராது. ஒரு பட்டம் 14 கிலோ பெட்டி நல்ல விலைக்குப் போகும், அடுத்த பட்டம் பறிப்புக் கூலிக்குக்கூடக் காணாமல் செடியிலேயே விட நேரும். ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு பட்டம் தவறும்போது 8,790 ரூபாய் தவணையை வீட்டு மாட்டுப்பால் காசிலும் வாடகையிலும் எப்படியாவது சமாளிக்கலாம். 12,750 கஷ்டம். மூன்று தவணை தவறினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கட்டிய 2 லட்சம் முன்பணமும் அதோடு போகும். இன்னொன்று, பழைய வண்டிக் கடன் மூன்று வருடத்தில் தீர்ந்துவிடும். நான்காம் வருடம் முதல் செலவு வருடத்துக்கு 95,000தான். அதில் 62,000 சொந்த லோடிலேயே ஈடாகிவிடும். மீதிக்கு வருடத்துக்கு 47 வாடகை நடை போதும். புது வண்டி எடுத்தவர் அப்போதும் இரண்டு வருடத் தவணை பாக்கியோடு லோடு தேடிக்கொண்டிருப்பார்.

மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தினமும் ஓடும் வண்டி என்றால் கணக்கு மாறிவிடும். விடியற்காலை பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர், தினம் இரண்டு வேளை பால் எடுப்பவர், ராத்திரியில் கணவாய் ஏறி கேரளாவுக்குக் காய் ஏற்றிப் போகிறவர், இவர்களுக்கெல்லாம் புது வண்டிதான் சரி. வழியில் ஒரு நாள் நின்றால் அன்றைய சரக்கு மொத்தமும் வீண். அவர்களுக்கு வருடத்தில் 300 நாள் வேலை இருக்கிறது, தவணையை வண்டியே கட்டிக்கொள்ளும். தக்காளிக்கும் நேரம் முக்கியம்தான். ஆனால், 22 கிலோமீட்டர் தூரத்தில் வண்டி நின்றுவிட்டால் போன் போட்டு இன்னொரு வண்டியில் மாற்றி ஏற்றிவிட வழி இருக்கிறது.

புது வண்டி பக்கம் சேர்க்க வேண்டிய இன்னொரு விஷயம், 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலையும் இறங்கத்தான் வேண்டும். அதற்கு முந்தைய விலையையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் புரோக்கரிடம் இதை எடுத்துச் சொல்லிப் பேரம் பேசலாம்.

வட்டியைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன கணக்கு அசல் குறையும் முறையில் போட்டது. சிலர் '10 பர்சென்ட்தான்' என்று சொல்லிவிட்டு ஃப்ளாட் வட்டி போடுவார்கள். அதாவது, அசல் எவ்வளவு குறைந்தாலும் கடைசி மாதம் வரை முழு 6 லட்சத்துக்கும் வட்டி. அதே 6 லட்சம், அதே 10 சதவிகிதம், அதே 5 வருடம். தவணை 15,000 ஆகிவிடும். மொத்த வட்டி 1,65,000 கட்ட வேண்டிய இடத்தில் 3 லட்சம். உண்மையில் அது 17 சதவிகிதத்துக்கும் மேலான வட்டி. 'எத்தனை பர்சென்ட்' என்று கேட்காமல், 'மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், மொத்தம் எவ்வளவு கட்டுவேன்' என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டால் ஏமாற வழியில்லை.

இனி அந்த 2018 மாடல் வண்டிக்கு வரலாம். அது 2020 ஏப்ரல் 1-க்கு முந்தைய பி.எஸ்.4 வண்டி. ஒரு வகையில் இது நல்லது. பக்கத்து ஊர் மெக்கானிக்கே பிரித்துச் சேர்த்துவிடுவார். பி.எஸ்.6 டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. தோட்டத்துக்கும் மார்க்கெட்டுக்கும் மெதுவாகக் கிட்டத்திலேயே ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். அதற்கு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் சர்வீஸ் சென்டரைத் தேட வேண்டும். மறுபக்கம், எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இருந்த எப்.சி., அதற்கு மேல் வருடா வருடம் காட்ட வேண்டும். ஒவ்வொரு எப்.சி.க்கும் டிங்கரிங், பெயின்ட், பிரேக், லைட் என்று ஏதாவது வேலை வைக்கும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது கிலோமீட்டர் மீட்டரைப் பார்ப்பதைவிட, இதுவரை என்ன லோடு அடித்தது என்று விசாரிப்பது மேல். பிஸ்கட், பிரெட், பார்சல் ஓட்டிய வண்டி உடம்பு கெடாமல் இருக்கும். எம்-சாண்ட், செங்கல், சிமென்ட் ஓட்டிய வண்டியின் முதுகு உடைந்திருக்கும். மீன், உப்பு, உர மூட்டை ஏற்றிய வண்டியின் தொட்டி அடியிலிருந்து துருப்பிடித்திருக்கும். மேலே புதுத் தகடு அடித்து மறைத்திருப்பார்கள். எனவே, தொட்டியை மேலிருந்து பார்க்காமல் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். சேஸிஸில் வெல்டிங் தழும்பு தெரிந்தால் திரும்பி வந்துவிடலாம். பின் சக்கரத்து ஸ்பிரிங் பட்டைகளை எண்ணிப் பார்ப்பதும் அவசியம். கம்பெனி கொடுத்ததைவிட ஒன்றிரண்டு கூடுதலாகச் சொருகியிருந்தால், ஒன்றேகால் டன் வண்டியில் இரண்டு டன்னுக்கு மேல் ஏற்றி ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள். 'எக்ஸ்ட்ரா பட்டை போட்டிருக்கேன், நல்லா லோடு தாங்கும்' என்று விற்கிறவர் அதைப் பெருமையாகவே சொல்வார்.

விடியற்காலையில், வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே போய் நிற்பது நல்லது. முன்னாலேயே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும் இன்ஜினின் வண்டவாளம் தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். குபுகுபுவென்று புகை தள்ளினால் இன்ஜின் தேய்ந்துவிட்டது. சைலன்சரில் நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதந்தாலும் வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021-ம் வருடம் 23-வது வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் வயதான டயர் வெயிலில் வெடிக்கும். ஐந்து டயரின் விலையைக் கழித்துப் பேசலாம். பிறகு, அரை லோடாவது ஏற்றி ஒரு மேட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். காலி வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஓடும்.

2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வந்த வெள்ளத்தில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. அப்படி மூழ்கியவை கழுவித் துடைத்து மெருகேற்றி எங்கே வேண்டுமானாலும் விற்பனைக்கு வரலாம். சீட்டுக்கு அடியிலும் டேஷ்போர்டு உள்பக்கமும் காய்ந்த வண்டல், ஒயர் முனைகளில் பச்சைப் பூசணம் போன்ற துரு இருந்தால் சந்தேகப்படலாம்.

இவ்வளவும் சரியாக இருந்து, காகிதம் சரியில்லை என்றால் வண்டி வேண்டாம். இன்ஜின் கெட்டால் பணத்தால் சரிசெய்யலாம். காகிதம் கெட்டால் வருடக்கணக்கில் அலைய வேண்டும். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று நேரில் பார்த்து, அதன் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் எப்.சி., காப்பீடு, கடன் பாக்கி, அபராதம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கிராமங்களில் அதிகம் நடக்கும் ஏமாற்று, 'எனக்கு இவ்வளவு கொடுத்துடுங்க, மீதித் தவணையை நீங்க கட்டிக்கோங்க' என்பது. வண்டி இவர்கள் வாசலில் நிற்கும், கடனும் ஆர்.சி.யும் அவர் பெயரில் இருக்கும். அவருக்கு வேறு ஒரு கடனில் பாக்கி இருந்து, அதற்காக கம்பெனி என்.ஓ.சி. தர மறுத்தாலும் கேட்க வழியில்லை. கடன் இருந்தால், விற்பவரோடு அந்த அலுவலகத்துக்கே போய்ப் பாக்கியை நேரடியாகக் கட்டி, என்.ஓ.சி.யும் 35-ம் எண் படிவமும் கைக்கு வந்த பிறகுதான் மீதிப் பணம் கொடுக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30 எண் படிவங்கள். விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். காப்பீட்டையும் 14 நாளுக்குள் பெயர் மாற்றச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். இல்லையென்றால் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு நஷ்டஈடு கேட்க முடியாது.

கையெழுத்துப் போட்ட காலிப் படிவத்தோடு மூன்று கை மாறி வந்த வண்டிகளும் உண்டு. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த முதல் உரிமையாளரை நேரில் பார்க்காமல் அப்படிப்பட்ட வண்டிக்கு முன்பணம் கொடுக்கக் கூடாது. நாளைக்கு இந்தக் குடும்பம் அதை விற்கும்போதும் இதே தீர்ப்பு இவர்களுக்கும் பொருந்தும்.

நகை விஷயம். பயிருக்கு என்று சொல்லி வாங்கும் நகைக்கடனை வண்டி முன்பணத்துக்குத் திருப்பிவிட்டால், அடுத்த பட்டத்துக்கு நாற்று, மல்ச்சிங் ஷீட், மருந்து வாங்கப் பணம் இருக்காது. நகைக்கடனைப் பெரும்பாலும் ஒரு வருடத்தில் திருப்ப வேண்டும். வண்டிக் கடனோ மாதாமாதம் கேட்கும். இரண்டும் ஒன்றாக நெருக்கும்போது முதலில் ஏலத்துக்குப் போவது நகையாகத்தான் இருக்கும். பழைய வண்டிக்கு வேண்டிய ஒரு லட்சத்தை ஒரு நல்ல பட்டத்தில் சேர்த்துவிட்டு வாங்குவதே சரி. வீட்டில் கடைசி இருப்பாக இருக்கும் நகை, தக்காளி விலை விழும் வருடத்துக்காக அப்படியே இருக்கட்டும். அதை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் வண்டியை அம்மாவின் பெயரில் பதிவு செய்யும்படி கேட்பதில் தவறில்லை. ஆனால், ஒன்று கவனிக்க வேண்டும். காப்பீட்டோடு வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, ஓட்டுநர் உரிமம் உள்ள உரிமையாளருக்குத்தான். அம்மா பெயரில் வண்டி இருந்து மகன் ஓட்டினால் அது மகனுக்குப் பொருந்தாது. மகனுக்குத் தனியாக விபத்துக் காப்பீடு எடுத்தாக வேண்டும்.

கடைசியாக, கோயிலுக்கும் விசேஷத்துக்கும் போவது. இதற்கு ஒரே பதில், கூடாது. காதுகுத்துக்கும் குலசாமி கோயிலுக்கும் தொட்டியில் பாய் விரித்து இருபது பேரை ஏற்றிப் போவது ஊரில் வழக்கமாக இருக்கலாம். சரக்கு வண்டியில் சும்மா ஏறி வரும் ஆட்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று இருபது வருடத்துக்கு முன்பே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சரக்கோடு வரும் சரக்கின் சொந்தக்காரருக்குப் பாதுகாப்பு உண்டு. ஏற்றி இறக்கும் ஆட்களுக்குக் கூடுதல் பிரீமியம் கட்டிப் பாதுகாப்பு சேர்த்துக்கொள்ளலாம். மாமன் மச்சானுக்கும் குழந்தைகளுக்கும் எதுவுமே இல்லை. வண்டி ஒரு வளைவில் கவிழ்ந்தால் ஆஸ்பத்திரிச் செலவும் நஷ்டஈடும் இந்த 4 ஏக்கர் மேல்தான் வந்து விழும். அதுவும் சொந்தக்காரர்களே வழக்குப் போடும் நிலை வரும். வருடத்தில் நான்கு விசேஷத்துக்கு வேன் வாடகைக்கு எடுத்தால் ஆகும் செலவு, அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"பிக்கப் ஓட்ட பேட்ஜ் வேண்டுமா? வாடகைக்கு ஓட்ட பர்மிட் எடுக்க வேண்டுமா?"
- வாசகர், உடுமலைப்பேட்டை.

மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை, சாதாரண இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. உரிமம் காலாவதியாகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பர்மிட்டைப் பொறுத்தவரை, சரக்கு ஏற்றிய மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் விலக்கு அளிக்கிறது. குட்டி யானை வகை வண்டிகள் இதற்குள் அடங்கும். பெரிய பிக்கப்களில் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், வாங்கும் முன் ஆர்.சி.யில் மொத்த எடை எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளவும். ஆனால், எடை வரம்பை மீறினால் விலக்கு எதுவும் காப்பாற்றாது. அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000 ரூபாய். கூடுதல் சரக்கை இறக்கி வைத்த பிறகுதான் வண்டியை விடுவார்கள். தக்காளியை ரோட்டோரம் இறக்கி வைத்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கவும்.

"சீசிங் வண்டி ஏலத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறதாமே? நம்பி எடுக்கலாமா?"
- வாசகர், பரமக்குடி.

பாதி விலை என்பது எப்போதாவது நடக்கும். தவணை கட்ட முடியாதவர், கடைசி ஆறு மாதம் அந்த வண்டிக்கு ஆயில்கூட மாற்றியிருக்க மாட்டார் என்பதை மனதில் வைத்துத்தான் ஏலத்துக்குப் போக வேண்டும். பிடித்து வந்த வண்டி மாதக்கணக்கில் யார்டில் வெயிலிலும் மழையிலும் நின்றிருக்கும். பேட்டரி போயிருக்கும், டயர் வெடித்திருக்கும், சில வண்டிகளில் ஸ்டெப்னி, ஜாக்கிகூட இருக்காது. உள்ளது உள்ளபடி என்றுதான் விற்பார்கள். பெரும்பாலும் ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள், கிளப்பிக் காட்டுவதோடு சரி. பழைய அபராதமும் வரி பாக்கியும் வாங்கியவர் தலையில் விழும்.

ஆகவே, தெரிந்த மெக்கானிக்கை ஒரு நாள் கூலி கொடுத்துக் கூட்டிப் போய் வண்டியைப் பார்த்துவிட்டு, பாக்கிகளைப் பரிவாஹனில் தேடிக் கூட்டி, பேட்டரி, டயர், எப்.சி., காப்பீடு, பெயர் மாற்றம் எல்லாவற்றுக்கும் ஆகும் தொகையை முதலிலேயே தாளில் எழுதி, அதைச் சந்தை விலையிலிருந்து கழித்து, மிஞ்சும் தொகைக்குக் கீழேயே கையைத் தூக்குவதை நிறுத்திக்கொள்ள வேண்டும். விற்பனைக் கடிதம், என்.ஓ.சி., 35-ம் எண் படிவம் மூன்றும் எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதையும் எழுத்தில் வாங்கவும். அதுவரை அந்த வண்டியில் லோடு ஏற்ற வேண்டாம்.